ரோவீனாவின் இடத்தில் நின்றவள்

பள்ளிக்கூடத்தில் நான் ஐந்தாவதைத் தாண்டவில்லை. ஓக்லஹோமாவில் பருத்தி பொறுக்கிய கை இது. இதே கைதான் பர்பேங்க் சினிமா ஸ்டூடியோ ஒன்றில் இருபத்திரண்டு வருடம் விளக்குகளை ஆண்டது. நடிகை ரோவீனா காஸின் கன்னத்தைப் பார்த்து ஊரே சொக்கியதென்றால் அதில் பாதிப் பெருமை எனக்கு. மீதியைத்தான் அவளுக்குக் கொடுப்பேன். மேபல் பிக்கெட்டுக்கு யாரும் எதுவும் கொடுத்ததில்லை. அதனால்தான் அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தேன்.

மேபல் ரோவீனாவின் பதிலி. அதே உயரம், அதே முடி நிறம். நான் விளக்குகளைச் சரிபார்த்து முடிக்கும்வரை ரோவீனாவின் இடத்தில் இவள் நிற்பாள். ஒரு மணி நேரம், சில நாள் இரண்டு. பிறகு "ராணியைக் கூப்பிடு" என்பேன். ராணி வருவதற்குள் பதிலி போய்விட வேண்டும். எங்கள் தொழிலில் அது வழக்கம். பத்தொன்பது வருடம், இருபத்தாறு படம். தரையில் ஒரே சாக்பீஸ் குறியின்மேல் மாறி மாறி நின்ற இரண்டு பெண்களும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

மேபலுக்கு அந்த ஒரு வார்த்தைதான் வேண்டும். வேறு ஆசையே கிடையாது.

"என்ன மேபல், அடுப்புல வச்ச கோழியாட்டம் வெந்துட்டே?" என்று என் ஆட்கள் சீண்டுவார்கள்.

"நான் வெந்தாத்தானடா அவங்க மேக்கப் கலையாம இருக்கும்" என்பாள்.

அந்தக் கால விளக்குகள் சூளை மாதிரி. அவள் முகம் நாற்பதிலேயே செருப்புத் தோலாகிவிட்டது.

ரோவீனாவின் கடைசிப் படம் வந்தது. அதில் ஒரு மனநோய் மருத்துவமனைக் காட்சி. முதல்நாளே மேபல் என்னிடம் சொன்னாள்: "நாளைக்கு நான் நகரமாட்டேன் ஆர்வில். அவங்ககிட்ட, உங்க படம் ஒண்ணு விடாம ரெண்டு தடவ பாத்திருக்கேன்னு சொல்லிட்டுத்தான் போவேன்."

"கழுத்தப் புடிச்சு வெளிய தள்ளுவாங்க."

"தள்ளட்டும்."

மறுநாள் மேபல் நகரவில்லை. ரோவீனா வந்து நின்றாள். மேபலின் முகத்தை மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

"உனக்கு என்ன வயசு?"

மனப்பாடம் செய்ததெல்லாம் மேபலுக்கு மறந்துபோனது. "நாப்பத்தாறு, மேடம்."

"என்னவிட எட்டு வயசு சின்னவளா!" ரோவீனா வாய்விட்டுச் சிரித்தாள். இயக்குநரிடம் திரும்பினாள். "இத எனக்குப் பக்கத்துக் கட்டில்ல போடுங்க. இதப் பாத்துட்டு என்னப் பாத்தா நான் குமரியாத் தெரிவேன். ஆர்வில், இது மூஞ்சிக்குக் கீழேருந்து வெளிச்சம் அடி. ஒரு சுருக்கம் விடாத."

விடவில்லை. அரைகுறை வேலை எனக்குத் தெரியாது. மேபல் "நன்றி மேடம்" என்றபோது ரோவீனா கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

படம் வந்ததும் மேபல் தன் தங்கையோடு தியேட்டருக்குப் போனாள். நானும் போனேன். திரையில் அவள் முகம் வந்ததும் சிரிப்பு வெடித்தது.

"சவப்பெட்டியத் தொறந்துட்டாங்கப்பா!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

தங்கை எழுந்து போய்விட்டாள். மேபல் கடைசிவரை அசையாமல் உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்து என் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"அவங்க எவ்வளவு அழகா இருந்தாங்க, பாத்தியா?"

"என் வெளிச்சம் அப்படி."

"போய்யா," என்றாள். "பக்கத்துல நான் இருந்தேன்ல."