கடைசிப் பக்கத்துக் குங்குமம்

காலையில் காரைக் கிளப்பியதும் ஒரு ஜப்பானியப் பெண் என்னோடு கதைக்கத் தொடங்குவாள். நல்ல கனிவான குரல். ஆறு வருடமாக அவள் எனக்குக் காலை வணக்கம் சொல்கிறாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஒக்லாந்தின் தெற்கே, ரயில் நிற்கும் தகனினியில் எங்கள் வீட்டு வாசலில் இருந்து மோட்டர்வேயில் ஏறும்வரை நானும் பதிலுக்கு, "ஓம் பிள்ளை, வணக்கம், வணக்கம்" என்று சொல்லிக்கொண்டு போவேன். அவள் சொல்வது, "சுங்கச் சாலை அட்டை செருகப்படவில்லை" என்பதுதான் என்று பின்னாளில் ஒருவர் விளங்கப்படுத்தினார். மானம் போயிற்று. ஆனாலும் வணக்கம் சொல்வதை நான் விடவில்லை. இவ்வளவு மரியாதையாகக் குறை சொல்ல எங்கள் ஆட்களில் எவருக்குத் தெரியும்?

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். ஒக்லாந்தில் ஓடும் கார்களில் ஏராளமானவை ஜப்பானில் யாரோ ஓட்டிக் களைத்து, கப்பலேறி வந்தவை. அவற்றின் ரேடியோவில் இங்கத்தைய அலைவரிசைகளில் பாதி பிடிக்காது. வழிகாட்டித் திரையைப் போட்டால் உங்கள் கார் நடுக்கடலில் நிற்பதாகக் காட்டும். மங்கரேயில், விமான நிலையத்துக்குக் கிட்ட, இப்படி வந்து இறங்கும் கார்களைத் துடைத்து, ரேடியோவைத் திருத்தி, விற்பனைக்கு ஆயத்தம் செய்யும் யார்ட் ஒன்றில் எனக்கு வேலை. எங்கள் ஊரான கரவெட்டியில் கணக்கு வாத்தியாராக வரவேண்டும் என்று ஆசைப்பட்டவன் ஜப்பான்காரனின் இருக்கைக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு கிடக்கிறேன். விதி என்று சொல்லமாட்டேன். உண்மையில் எனக்கு இந்த வேலை பிடித்துவிட்டது.

பிடித்ததற்குக் காரணம், அந்த இருக்கைகளுக்கு அடியில் கிடைத்த சாமான்கள். கப்பல் ஏற்றமுன்னர் அங்கே நன்றாகத்தான் துடைக்கிறார்கள். அப்படியிருந்தும் ஒன்றிரண்டு தப்பி வரும். விபத்து வராமல் காக்கும் தாயத்து, பட்டுத் துணியில் தைத்த சின்னப் பை. அதை ஒருபோதும் திறந்து பார்க்கக்கூடாதாம். பெருவிரல் அளவு பொம்மைகள், கடை வாசல் இயந்திரத்தில் காசைப் போட்டுத் திருகினால் உருண்டை டப்பாவுக்குள் வந்து விழுபவை. அதில் ஒன்று, பாண் துண்டுக்குள் படுத்து நித்திரை கொள்ளும் பூனை. அந்தப் பூனையின் மீசையைக்கூட ஒருவர் பொறுமையாக வரைந்திருக்கிறார் என்றால் பாருங்கள். பொலித்தீன் பையைச் சமோசா மாதிரி முக்கோணமாக மடித்து, மடித்ததை அடுக்கி, அடுக்கியதை இன்னொரு பைக்குள் வைத்திருந்தார் ஒரு மகராசி. நான் அதைப் பிரிக்க மனமில்லாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன்.

இவற்றைவிட எனக்கு விருப்பமானவை இலை வில்லைகள். அந்த நாட்டில் புதிதாக ஓட்டப் பழகியவர் காரில் பச்சையும் மஞ்சளுமான இளந்தளிர் ஒன்றை ஒட்டவேண்டும். எழுபதைத் தாண்டிய முதியவருக்கும் ஒன்று இருக்கிறது. முதலில் அது செம்மஞ்சளும் மஞ்சளுமாக இருந்ததாம். "எங்களைப் பழுத்து விழுந்த இலை என்கிறீர்களா?" என்று கிழவர்கள் கோபித்துக்கொள்ள, அரசாங்கம் யோசித்து, நாலு நிறத்தில் நாலிதழ் இலையாக மாற்றிக் கொடுத்ததாம். கிழடுகளின் மனம் நோகக்கூடாது என்று இலையை மாற்றிய அரசாங்கம்! எங்கள் நாட்டு அரசாங்கம் எங்கள் மனம் நோகாமல் எதையாவது மாற்றிய வரலாறு உண்டா என்று கேட்டால் நான் வேறெதற்கோ போய்விடுவேன். வேண்டாம்.

காரில் கிடைப்பதைக் குப்பைத் தொட்டியில் போடவேண்டும் என்பது யார்ட்டின் ஒழுங்கு. எனக்கு மனம் வரவில்லை. முகாமையாளரிடம் கேட்டேன். "உனக்கு விருப்பம் என்றால் கொண்டு போ, மேற்" என்றார்; இங்கே எல்லோரும் எல்லோருக்கும் 'மேற்', அதாவது கூட்டாளி. கராஜில் ஒரு தட்டு அடித்து எல்லாவற்றையும் வரிசையாக வைத்தேன். சுகந்தி, என் மனைவி, அதைப் பார்த்தவுடன் தலையில் கை வைத்தாள்.

"ஜப்பான்காரன் எறிஞ்ச குப்பைக்கு நீங்கள் மியூசியம் வைக்கிறியளே?"

"எறிஞ்சதில்லையப்பா, மறந்தது."

"ரெண்டும் குப்பைதான். ஒரு கப்பல் சாமான் வரட்டும், பேந்து எங்களை வெளியில படுக்கச் சொல்லுங்கோ."

அந்தப் புத்தகம் கிடைத்தது ஒரு சின்ன வெள்ளைக் காரில், உதிரிச் சக்கரத்துக்கு மேலே போடும் பலகைக்கு அடியில். பின் கண்ணாடிக்குக் கீழே நாலிதழ் இலை ஒட்டியிருந்தது, ஆகவே ஓட்டியவர் வயதானவர் என்பது தெரிந்தது. தடித்த நீலப் பட்டுத் துணி அட்டை. உள்ளே பஞ்சு மாதிரித் தாள். பக்கத்துக்குப் பக்கம் கறுப்பு மையில் தூரிகையால் வீசி எழுதிய எழுத்து, அதன்மேல் சிவப்பு முத்திரைகள். ஒரு பக்கம்போல மற்றொரு பக்கம் இல்லை. என் தட்டில் அதற்கு நடு இடம் கொடுத்தேன்.

சரஸ்வதி பூசை வந்தது. மகளின் படிப்பு முழுக்க லாப்டொப்பில்தான். சாமிக்கு முன்னால் வைக்க ஒரு ஒழுங்கான புத்தகம் இல்லை என்று சுகந்திக்குக் கவலை. எங்கள் சாமி அறை என்பது படுக்கை அறையின் உடுப்பு அலுமாரி; கதவை இழுத்தால் அம்மன், பிள்ளையார், முருகன், மேலே என் பழைய கோட். "உங்கட மியூசியத்தில வடிவான புத்தகம் ஒண்டு கிடந்ததல்லே, அதைத் தாங்கோ" என்றாள். கொடுத்தேன். அவள் நாங்கள் புத்தகம் திறக்கும் பக்கமாகத் திறந்தாள். முதல் பக்கம் வெறுமையாக இருந்தது. புதுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் பொட்டு வைக்காமல் எங்கள் வீடுகளில் எவர் விடுவார்கள்? சந்தனத்தைக் குழைத்து வைத்து, அதன்மேல் என் அக்கா கரவெட்டி அம்மன் கோவிலில் இருந்து அனுப்பிய குங்குமத்தை நன்றாக வைத்தாள். நானும் கும்பிட்டேன்.

எங்கள் யார்ட்டுக்குச் செவ்வாயும் வியாழனும் யூமிகோ சான் வருவார்; சான் என்பது பெயரோடு சேர்க்கும் மரியாதைச் சொல். அறுபது வயதிருக்கும். மவுண்ட் ஆல்பர்ட்டில் ஒரு பழைய மரவீட்டில் இருந்து ரயிலும் பஸ்ஸும் பிடித்து வந்து, கார்களின் ஜப்பானியப் பத்திரங்களை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுப்பது அவர் வேலை. என் காரின் வணக்கத்தை எனக்கு விளங்கப்படுத்தியவரும் அவர்தான். பூசை முடிந்த செவ்வாய்க்கிழமை புத்தகத்தை அவரிடம் கொண்டுபோனேன். பெருமைக்குத்தான், வேறெதற்கு? அவர் அதைக் கண்டதும் எழுந்துபோய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

ஷிகோகு என்றொரு தீவு. அதைச் சுற்றி எண்பத்தெட்டுக் கோவில்கள். நடந்து போனால் ஒரு மாதத்துக்கு மேல். ஒவ்வொரு கோவிலிலும் கும்பிட்ட பிறகு, அங்குள்ளவர் இந்தப் புத்தகத்தில் கையால் எழுதி முத்திரை குத்துவார். வேறு எதையும் இதில் எழுதக்கூடாது. "இதை வைத்திருந்தவர் இறந்தால் சவப்பெட்டிக்குள் கூடவே வைப்பார்கள். அந்த உலகத்துக்குப் போக இதுதான் பாஸ்போர்ட்" என்றார் யூமிகோ சான். எண்பத்தெட்டையும் முடித்தவர்கள், தீவுக்கு வெளியே ஒரு மலைக்கோவிலுக்குப் போய், "எல்லாம் முடிந்தது, நன்றி" என்று சொல்லிக் கடைசிப் பக்கத்தை நிரப்புவார்களாம். சொல்லிக்கொண்டே புத்தகத்தைத் திருப்பினார். ஜப்பானியப் புத்தகம் நாங்கள் முடிக்கும் பக்கத்தில் தொடங்குவது. நாங்கள் முதல் பக்கம் என்று நினைத்ததுதான் அவர்களுடைய கடைசிப் பக்கம். அதில் எங்கள் குங்குமம்.

யூமிகோ சான் குனிந்து அந்தச் சிவப்பைப் பார்த்தார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம்போல இருந்தது. "மரியாதைக்காக வைத்தது" என்றேன். "தெரிகிறது" என்று தலையை ஆட்டிவிட்டு, அட்டையின் உட்பக்கத்தைக் காட்டினார். அங்கே ஒரு பெயரும் தொலைபேசி எண்ணும் சின்னதாக எழுதியிருந்தது. மொரி என்ற பெண்மணியின் பெயர்.

மத்தியான இடைவேளையில் அழைத்தோம். எடுத்தவர் அவருடைய கணவர். யூமிகோ சான் கதைத்தார், கதைக்கும்போதே தொலைபேசிக்குக் குனிந்து குனிந்து வணக்கம் வைத்தார். பிறகு நிறைய நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். மொரி ஐயா கண் பார்வை குறைந்ததால் தானாகவே லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்து, காரையும் விற்றவர். புத்தகத்தை வீடு முழுக்கத் தேடியிருக்கிறார். மலைக்கோவிலுக்குப் போகமுன்னம் மனைவிக்கு நோய் வந்துவிட்டது. இப்போது ஆஸ்பத்திரியில், கடைசி நாட்கள். ஒவ்வொரு நாளும் அந்தப் புத்தகத்தைக் கேட்கிறாராம். ஐயா ஒவ்வொரு நாளும், "நாளைக்குக் கொண்டு வருகிறேன்" என்கிறாராம். பொட்டைப் பற்றிச் சொன்னீர்களா என்று கேட்டேன். முகவரியை எழுதிக்கொண்ட யூமிகோ சானுக்கு, அதைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லையாம்.

என் அம்மாவும் இப்படித்தான் கேட்டுக்கொண்டு கிடந்தா. அப்போது என்னுடைய விசா புதுப்பிக்கக் கொடுத்திருந்தது. வெளியே போனால் திரும்பி உள்ளே வர முடியுமா என்று எவரும் உறுதியாகச் சொல்லவில்லை. "தம்பி எப்ப வாறான்?" என்று அம்மா கேட்க, "நாளைக்கு" என்று அக்கா சொல்லியிருக்கிறாள், பதினொரு நாள். வாய்க்கரிசி போடுவதை நான் தொலைபேசித் திரையில் பார்த்தேன். நடுவில் படம் உறைந்துவிட்டது. இதையெல்லாம் எழுதவேண்டும் என்று நினைத்து நான் இந்தக் கட்டுரையைத் தொடங்கவில்லை. ஆனால், ஒரு பழைய புத்தகத்துக்காக இவன் ஏன் இப்படிக் குதிக்கிறான் என்று நீங்கள் நினைப்பீர்கள். அதனால் சொல்கிறேன்.

அன்று வேலையில் இருந்து நேரத்தோடு வெளிக்கிட்டு வீட்டுக்கு வந்து சுகந்தியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் பதறிப்போய், ஈரப் பஞ்சை எடுத்துப் பொட்டைத் துடைக்கத் தொடங்கினாள். அந்தத் தாளில் ஈரம் பட்டால் விடுமா? பொட்டு பரந்து உள்ளங்கையளவு சிவப்பாகிவிட்டது.

"உமக்கென்ன விசரே! சும்மா விட்டிருக்கலாமெல்லே!" என்று கத்திவிட்டேன்.

"நான் வேணுமெண்டே செய்தனான்?" அவள் பஞ்சைப் பிடித்தபடியே அழுதாள். "அந்த மனிசி சாகக் கிடக்கேக்க, அவவின்ர புத்தகத்தை நான் பழுதாக்கிப் போட்டன்."

"சரி, சரி, அழாதையும். கெதியாச் சுத்தித் தாரும். கூரியர் பூட்டப் போறான்."

கூரியர் கடையில் இருந்த பெட்டை உள்ளே என்ன என்று கேட்டாள். மூளை முழுக்க யூமிகோ சான் சொன்னதே ஓடிக்கொண்டிருந்தது. "பாஸ்போர்ட்" என்றேன். அவள் பேனையை வைத்துவிட்டாள். பாஸ்போர்ட் என்றால் உரியவரின் கடிதம் வேண்டும், இப்படி அனுப்ப முடியாது என்றாள். இல்லை பிள்ளை, இது செத்தவர்கள் கொண்டுபோகும் பாஸ்போர்ட் என்று விளக்கினேன். முகம் வெளுத்து முகாமையாளரைக் கூப்பிட்டாள். கடைசியில் கூட வந்திருந்த சுகந்தி பொதியைப் பிரித்துக் காட்டி, "ஒன்லி புக், டியர்" என்று சொல்லித்தான் அது போய்ச் சேர்ந்தது. எனக்கு இந்த நாட்டில் விசாவும் சரிவராது, பாஸ்போர்ட்டும் சரிவராது.

மூன்று கிழமைக்குப் பிறகு யார்ட் முகவரிக்குக் கடிதம் வந்தது. மெல்லிய தாள், எறும்பு ஊர்ந்த மாதிரிக் கையெழுத்து. யூமிகோ சான் அதை வாசித்துச் சொல்ல எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். சுகந்தி தேத்தண்ணியை ஊற்றிவிட்டு, குடிக்கச் சொல்லவும் மறந்து முன்னால் இருந்தாள்.

புத்தகம் நேரத்துக்குப் போயிருக்கிறது. மொரி அம்மா நான்கு நாள் அதைக் கையில் வைத்திருந்தாராம். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்து, கடைசிப் பக்கத்தில் அந்தச் சிவப்பைக் கண்டதும், "இங்கே எப்போது போனோம்?" என்று கேட்டாராம். கணவர், "உனக்கு மறந்துவிட்டது. கடைசியாகப் போனோமே" என்று சொல்லியிருக்கிறார். "அப்படியென்றால் எல்லாம் முடிந்தது" என்று மொரி அம்மா சிரித்தாராம். அடுத்த நாள் போய்விட்டார். புத்தகத்தை நெஞ்சில் வைத்துத்தான் தகனம் செய்தார்களாம்.

சுகந்தி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நானும் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது?

கடிதம் அதோடு முடியவில்லை. செத்தவருக்கு நாங்கள் செய்யும் முப்பத்தோராம் நாள் மாதிரி அவர்களுக்கு நாற்பத்தொன்பதாம் நாள். அதற்குமுன் மொரி ஐயாவுக்கு ஒரு விஷயம் தெரியவேண்டுமாம். கடைசிப் பக்கத்தில் இருப்பது எந்தக் கோவிலின் முத்திரை? மனைவி அந்தச் சாமியின் துணையோடு போயிருக்கிறார், ஒருமுறை நேரில் வந்து நன்றி சொல்லவேண்டும். தனக்கு இப்போது லைசென்ஸ் இல்லை, அந்தக் கோவில் இருக்கும் ஊருக்கு ரயில் போகுமா?

யூமிகோ சான் பேனையை எடுத்து வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

"கரவெட்டி அம்மன் கோவில் எண்டு சொல்லுங்கோ. குங்குமம் அங்கத்தையது" என்றாள் சுகந்தி.

"பொட்டு வைச்சது இஞ்ச, அலுமாரிக்குள்ள."

"அலுமாரியையே கோவிலெண்டு எழுதப் போறியள்?"

"கரவெட்டிக்கு ரயில் எங்கயப்பா இருக்கு?"

அவள் தேத்தண்ணிக் கோப்பையை யூமிகோ சான் பக்கம் தள்ளினாள். யூமிகோ சான் தேத்தண்ணியை ஒரு வாய் குடித்துவிட்டு, அவசரமில்லை என்றார். நான் எழுந்துபோய் அலுமாரிக் கதவை இழுத்து அம்மனைப் பார்த்தேன். அம்மாவுக்குத்தான் நான் நாளைக்கு, நாளைக்கு என்று சொல்லவைத்தேன். இந்தக் கிழவருக்காவது உள்ளதைச் சொல்வோம் என்று வந்து உட்கார்ந்தேன்.

"எழுதுங்கள், யூமிகோ சான்" என்றேன். "கோவில் கரவெட்டியில் இருக்கிறது. பொட்டு வைத்தது எங்கள் வீட்டு அலுமாரியில். ரயில் தகனினி வரைக்கும்தான் வரும்."