அசந்த தசையின் கோடு

சோளத்தட்டை வெட்டும் இயந்திரத்தில் மாட்டுத்தீனியோடு என் வலது கையும் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. முழங்கைக்குக் கீழே நாலு விரற்கடை மிச்சம். செயற்கைக் கை பற்றி ஆராய்ச்சி செய்யும் பெண் ஒருத்தி கூப்பிட்டதால், வாரம் இரண்டு நாள் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து பஸ் ஏறி வண்ணார்பேட்டையில் இறங்கி அவளுடைய கல்லூரிக்கு நடப்பேன்.

ஈசிஜி எடுக்க நெஞ்சில் ஒட்டுவார்களே, அதுபோல மூன்று ஒட்டிகளை மிச்சக் கையில் ஒட்டுவாள். இல்லாத விரல்களை மடக்குவதாக நினைத்துத் தசையை இறுக்க வேண்டும். கம்ப்யூட்டரில் ஒரு கோடு துள்ளும். அதைப் படித்து மேசைமேல் இருக்கும் பிளாஸ்டிக் கை மூடும். முதல் ஏழெட்டுத் தடவை சரியாக மூடும். பிறகு தசை அசந்துபோகும், கோடு மாறிவிடும். மூடச் சொன்னால் கை திறக்கும்.

"இன்னும் ஒரே தடவைக்கா" என்பாள். மாதக்கணக்கில் அந்த ஒரே தடவை முடியவில்லை.

"நல்லா தூங்கி எந்திரிச்சு வாங்கக்கா. ரெஸ்ட் எடுத்தா சிக்னல் நல்லா வருது" என்றாள் ஒருநாள்.

அன்று விடியுமுன் சமைத்துவிட்டு, வாழையிலைக் கடையில் மதியம்வரை நின்றுவிட்டு வந்திருந்தேன். பஸ்ஸிலும் நின்றபடிதான். எரிச்சல் வந்துவிட்டது.

"அசராம நான் என்னைக்கும்மா இருந்தேன்? ரெண்டு கை இருந்தப்பயும் அசதிதான். அசந்தா வேல செய்யாத கைய வச்சு நான் என்ன செய்ய?"

ஒட்டிகளைப் பிய்த்தெடுத்தாள். கண்ணுக்குக் கீழே அவளுக்கும் கறுத்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன். இனி கூப்பிடமாட்டாள் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் போன் வந்தது. "எக்கா, வேல முடிஞ்சு அப்படியே வாங்க. அசந்திருக்கும்போது வார கோட்டையும் எடுத்து மெஷினுக்குப் பழக்குவோம்."

அதன்பிறகு வேலை முடிந்த கையோடு போனேன். தசை நடுங்க நடுங்கப் பதிவு செய்தாள். சில நாள் ஒன்றும் நடக்காது, இரண்டு பேரும் டீ குடிப்போம். சித்திரை வெயிலில் வேர்த்து ஒட்டி கழன்றுவிடும். அவள் ஸ்பிரிட்டால் துடைத்து மறுபடி ஒட்டுவாள். மழைக்காலம் தொடங்கியபோது, ஒரு சாயங்காலம் பிளாஸ்டிக் கை டம்ளரைப் பிடித்தது. இருபது தடவைக்கு மேலும் பிடித்தது.

இப்போது அதுபோல ஒரு கையைப் போட்டுப் பார்க்கச் சொல்லி வீட்டுக்குக் கொடுத்திருக்கிறாள். கனமாக இருக்கிறது. ஒருசில நேரம் சொன்னது கேட்பதில்லை. நேற்று சுரைக்காயை அதில் பிடித்துக்கொண்டு இடது கையால் நறுக்கினேன். பாதியில் தோள் வலித்தது. கழற்றி வைத்துவிட்டு மகளைக் கூப்பிட்டு, மீதியை நறுக்கச் சொன்னேன்.