ராமையா சொன்னதை நான் டாக்டரிடம் சொல்லவில்லை

ராமையாவின் சாவில் எனக்குப் பங்குண்டு.

கத்தி எடுக்கவில்லை, விஷம் வைக்கவில்லை. அவன் சொன்ன ஒரே ஒரு பதிலை டாக்டரிடம் சொல்லாமல் விட்டேன்... அவ்வளவுதான். 'அவ்வளவுதான்' என்று எழுதும்போதே கை கூசுகிறது.

நான் மலாக்காவில், காஜா பெராங் சாலையிலுள்ள ஒரு கிளினிக்கில் டிரெசர். புண்ணுக்குக் கட்டுப்போடுவேன், மருந்து கலக்குவேன். எல்லாவற்றுக்கும் மேலாக மொழிபெயர்ப்பேன். டாக்டர் சீமையிலிருந்து புதிதாக வந்தவர். அவருக்குத் தமிழும் தெரியாது, மலாயும் தெரியாது. நோயாளிக்கோ ஆங்கிலம் தெரியாது. நடுவில் நான்! ஞாயிறுதோறும் ஒரு பத்திரிகையில் நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன் என்ற கர்வம் வேறு. கால் மணி நேரப் புலம்பலை நாலே சொல்லில் சுருக்கிவிடுவேன். அதை ஒரு கலை என்றே நம்பியிருந்தேன்.

சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரே பரபரத்த காலம் அது. பண்டார் ஹிலிர் திடலில் கூட்டம் இல்லாத மாலை கிடையாது. கூட்டம் கூடும் இடத்தில் ராமையாவும் இருப்பான். தலையில் தட்டு, தட்டில் வறுத்த கடலை, பட்டாணி, முறுக்கு, பழைய பத்திரிகைத் தாளைக் கூம்பாகச் சுருட்டிய பொட்டலங்கள். கடலைக்கு மலாயில் கச்சாங் என்று பெயர்; ஊருக்கு அவன் 'கச்சாங் பூத்தே' ராமையா.

ஒரு நாள் தலைவலி என்று கிளினிக்குக்கு வந்தான். டாக்டர் பிரஷர் பார்த்தார், மிக அதிகம். மார்பில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் வாசலில் ஒரு வால்வு குறுகியிருக்கிறதாம். எவ்வளவு குறுகல் என்று காதை மட்டும் நம்பிச் சொல்ல முடியாதாம். லேசான குறுகல் என்றால் புதிதாக வந்த மாத்திரையை முழு அளவில் கொடுத்துப் பிரஷரை இறக்கலாம். மிகக் குறுகல் என்றால் அது ஆபத்து. ரத்தக் குழாய்கள் ஒரேயடியாகத் தளர்ந்துவிட்டால் அந்தச் சின்ன வாசலால் ஈடுகொடுக்க முடியாது. மூளைக்கு ரத்தம் எட்டாது. அப்படிப்பட்டவனுக்குச் சிறிது சிறிதாகத்தான் இறக்க வேண்டும்.

"மேடு ஏறும்போது கண் இருட்டுகிறதா, மயக்கம் வருகிறதா என்று கேள். அதை வைத்துத்தான் நான் முடிவுசெய்ய வேண்டும்" என்றார்.

கேட்டேன்.

"அத ஏன் கேக்குறீங்க டிரெசர் ஐயா! தட்டத் தூக்கிக்கிட்டு கோட்டைக் குன்றுல பாதி ஏறுனா போதும், முனிசிபல்காரன் என் மண்டைக்குள்ள கரண்ட கட் பண்ணிடுறான். அப்படியே குந்திடுவேன். கொஞ்ச நேரத்துல திரும்ப வந்துரும். சொதந்திரம் வந்தாலாச்சும் கரண்ட ஒழுங்கா விடுவானுங்களா, சொல்லுங்க லா!"

நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

"என்ன சொல்கிறான்?" என்றார் டாக்டர்.

"அப்படியெல்லாம் ஒன்றுமில்லை, சார். ஆள் வேடிக்கைக்காரன்."

அவரும் சிரித்தார். முழு அளவு எழுதிக்கொடுத்தார்.

ஏன் அப்படிச் சொன்னேன்? சாப்பாட்டு நேரம் நெருங்கியிருந்தது... வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள் இருந்தார்கள்... பொய்! இவையெல்லாம் பின்னால் தேடிப்பிடித்த காரணங்கள். உண்மை இதைவிடக் கேவலமானது. அந்தப் பதில் எனக்கு வேண்டியிருந்தது! ஆங்கிலத்தில் சொன்னால் அதன் உப்பு போய்விடும் என்று பட்டது. டாக்டர் மாத்திரை எழுதிக்கொண்டிருந்தபோது, நான் என் குறிப்பேட்டில் கரண்டு நகைச்சுவையை எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு மனிதன் தன் நோயைச் சொன்னான். நான் அதில் கட்டுரையைக் கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அது அச்சில் வந்தது. 'மண்டைக்குள் மின்வெட்டு' என்று தலைப்பு. ஊர் சிரித்தது. ராமையாவுக்குத் தலைகால் புரியவில்லை. எங்கெங்கோ அலைந்து அந்தத் தாளையே சேர்த்துவந்து, என் கட்டுரை வெளியே தெரியும்படி பொட்டலம் சுருட்டினான். "ஐயா எழுதுன கச்சாங்!" என்று திடலில் கூவினான்.

இரண்டு வாரம் ஆனது. மனைவி அஞ்சலை அவனை ரிக்‌ஷாவில் கொண்டுவந்தாள். குன்றின் படியில் விழுந்துவிட்டான், நெற்றியில் காயம். பிரஷர் நன்றாக இறங்கியிருந்தது. மிக நன்றாக!

டாக்டர் முகம் மாறியது. "இதற்கு முன்பு இப்படி ஆனதுண்டா என்று அவளிடம் கேள்."

கேட்டேன். அஞ்சலை என்னை விநோதமாகப் பார்த்தாள். "என்னங்க ஐயா இப்படிக் கேக்குறீங்க? நீங்கதான பேப்பர்ல எழுதுனீங்க!" என்றவள், சட்டென்று டாக்டரின் மேசையைக் காட்டினாள். "அட, இந்தா இருக்கே!"

முந்தின நாள் திடலில் டாக்டர் வாங்கியிருந்த கச்சாங் பொட்டலம்! பாதி தின்று மேசையில் வைத்திருந்தார். அதன் மேல் என் எழுத்து... என் பெயர்... ராமையாவின் நோய், கொட்டை எழுத்தில்!

அத்தனை நேரமும் டாக்டர் அதைக் கையில் வைத்துக்கொண்டே தின்றிருக்கிறார். அவருக்கு அது வெறும் கோலம். படித்துச் சொல்லவேண்டியவன் நான்.

"என்ன சொல்கிறாள்?"

இப்போதாவது சொல்லியிருக்கலாம், இல்லையா? நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்கள். சொன்னால் வேலை போகும், மானம் போகும் என்று கணத்தில் கணக்குப் போட்டது என் புத்தி. நிறையப் படித்த புத்தி!

"நேற்று உங்களுக்கு இந்தப் பொட்டலம் விற்கும்வரை நன்றாகத்தான் இருந்தானாம், சார்."

டாக்டர் பெருமூச்சு விட்டார். "அப்படியானால் வெயில்தான். இரண்டு நாள் ஓய்வு எடுக்கட்டும். மாத்திரையை நிறுத்த வேண்டாம்."

அதை மட்டும் ஒரு சொல் குறையாமல் மொழிபெயர்த்தேன்.

ராமையா சொன்னபடி இரண்டு நாள் ஓய்வெடுத்தான். மூன்றாம் நாள் தட்டைத் தூக்கினான். குன்றின் பாதியில் கரண்டு போனது. திரும்ப வரவில்லை.

பிறகு டாக்டரின் தடித்த புத்தகத்தைத் திருட்டுத்தனமாகப் புரட்டினேன். மேடேறும்போது கண் இருட்டினால் வாசல் மிகக் குறுகிவிட்டதென்று அர்த்தமாம். அப்படிப்பட்டவனின் பிரஷரில் அஞ்சி அஞ்சித்தான் கைவைக்க வேண்டுமாம். மாத்திரை இல்லாமலேயே அவன் செத்திருக்கலாம் என்றும் இருந்தது. அந்த வரியைப் பிடித்துக்கொண்டு தப்பிக்கப் பார்த்தேன். பிடி நிற்கவில்லை.

சுதந்திரம் வந்தது. டாக்டர் கப்பலேறினார். போகும்போது என் கையைப் பிடித்து, "நீ இல்லாவிட்டால் இந்த ஊரில் நான் ஊமை" என்றார். நன்றி சொன்னேன்!

இப்போது திடலில் அஞ்சலைதான் தட்டு வைத்திருக்கிறாள். போன வாரம் என்னைக் கண்டதும் ஒரு பொட்டலத்தைக் கையில் திணித்தாள்.

"எழுதுறத விட்டுட்டீங்களாமே ஐயா? அவரு இருந்தா வருத்தப்படுவாரு. அன்னைக்கி நாங்க சொன்னதெல்லாம் டாக்டர்கிட்ட எவ்வளவு பொறுமையா எடுத்துச் சொன்னீங்க! நீங்க சொல்லியும் அந்தாளுக்கு வெளங்கல. அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?"

நான் உண்மையைச் சொல்லவில்லை... மூன்றாவது முறையாக.

பொட்டலத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்தேன். தாளில் ஏதோ சோப்பு விளம்பரம். இருந்தும் இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கடலை தட்டில் கிடந்து நமுத்துப்போயிற்று.