விளக்கு வைக்கும் நேரத்து எண்

கம்ப்யூட்டரில் பேய் வருகிறது என்று என்னைக் கூப்பிட்டவர்கள் அதற்கு முன்னாலும் இருந்தார்கள். பெரும்பாலும் எலி கடித்த ஒயர்தான் பேயாக இருக்கும். அதனால் மைசூர் மண்டி மொஹல்லாவில் இருந்த அந்த மஞ்சள் மண்டிக்கு எரிச்சலோடுதான் போனேன். தொண்ணூறுகளின் கடைசி. அங்கே சின்னச் சின்ன ஆபீஸ்களுக்குள் நெட்வொர்க் நுழைந்துகொண்டிருந்த காலம். ஒயரை இழுத்துவிட்டுப் போனவனைப் பிடிக்க முடியாது, அகப்படுவது ரிப்பேர்காரனான நான்தான்.

கீழே மண்டி, மாடியில் முதலாளியின் வீடு. கொள்ளேகால் பக்கத்துக் குடும்பம். ஒரே மகன். அவன்தான் மண்டிக்குக் கம்ப்யூட்டர் வாங்கியவன். ஒவ்வொன்றுக்கும் கையாலேயே முகவரி எண் போட்டு, அதில் உட்காருபவரின் பெயரையே அதற்கும் வைத்திருந்தான். மாதேஸ்வரன் மலைக்கு பைக்கில் போனவன் உயிரோடு திரும்பவில்லை. அதன் பிறகு யாரோ புது சர்வர் ஒன்றை வைத்து, இனி எண்களை அதுவே பங்கிட்டுக் கொடுத்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

கோளாறு, கணக்கு எழுதும் அக்காவின் கம்ப்யூட்டரில். பகலெல்லாம் ஒழுங்காக ஓடும். விளக்கு வைக்கும் நேரமானால், இதே எண்ணை வேறொரு கம்ப்யூட்டரும் வைத்திருக்கிறது என்று திரையில் ஒரு பெட்டி எழும்.

"இருக்கறதே நாலு மெஷின். அஞ்சாவது யாரு, நீங்களே சொல்லுங்க" என்றார் அக்கா. "எனக்கு பயமா இருக்கு. இன்னொரு தடவை வந்தா, இந்த வேலையே பேடப்பா, வேண்டாம்னு போயிடுவேன்."

ஒவ்வொரு நெட்வொர்க் கார்டுக்கும் பிறக்கும்போதே ஓர் எண் உண்டு. யாரோடு மோதுகிறது என்பதை அந்தப் பெட்டியே எதிராளியின் கார்டு எண்ணால் காட்டிக்கொடுக்கும். கீபோர்டு சந்துகளிலெல்லாம் மஞ்சள் தூள் அப்பிக் கிடந்த அந்த நான்கையும் கழற்றிப் பார்த்தேன். பெட்டி காட்டிய கார்டு எண் எதிலும் இல்லை. எலி மேல் போட்டிருந்த பழியை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் அக்காவின் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, சர்வரிலிருந்து அந்த முகவரி எண்ணுக்கு, இருக்கிறாயா என்று கேட்கும் பிங் அடித்தபடி உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் முழுக்கப் பதில் இல்லை. அக்கா சீக்கிரமே கிளம்பிவிட்டார். சந்தில் வெயில் இறங்கியது. மூட்டைகளின் நிழல் ஒன்றோடொன்று கலந்து தரை தெரியாமல் போன நேரத்தில், திரையில் பதில் வர ஆரம்பித்தது. நிற்காமல் வந்தது. நீ யார் என்று கேட்கும் கட்டளையை அடித்தேன். பெயர் வந்தது. செத்துப்போன பையனின் பெயர். பின்னங்கழுத்தில் யாரோ ஊதியது மாதிரி இருந்தது. நான் பயந்தேன், அதைச் சொல்ல வெட்கமில்லை.

"பேரு தெரியுதுங்களா தம்பி?"

முதலாளி எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்றே தெரியவில்லை.

"தெனமும் இந்நேரத்துக்கு வருவானுங்க. செத்த நேரம் இருந்துட்டுப் போயிருவான்."

"அவரோட கம்ப்யூட்டர் எங்க ஐயா?"

"அதை அப்பவே ஆருக்காச்சும் குடுத்துறச் சொல்லிட்டன். குடுத்தாச்சுன்னு எம்பட ஊட்டுக்காரி சொன்னா." திரையைத் தொடப் போய், கையை இழுத்துக்கொண்டார். "அந்தக் கணக்கெழுதற புள்ளயோட மிசினை எப்படி வேணாலும் சரி பண்ணிக் குடுங்க. ஆனா இந்த நம்பரை மட்டும் அழிச்சுப்போடாதீங்க. அவன் வந்து போறதுக்கு இது ஒண்ணுதான் இருக்குது."

பிறகு தன் மேஜைக்குப் போனார். ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு இரண்டு வரி அனுப்பும் சின்னப் பெட்டி ஒன்று அந்தக் காலத்தில் உண்டு. எண் மோதினாலும் பெயரைப் பிடித்துக்கொண்டே போய்ச் சேரும்படி மகன் அதை அமைத்திருந்தான். அதைத் திறந்து, ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தேடித் தேடி, இங்கிலீஷ் எழுத்தில் 'சாப்டியா' என்று அடித்து, மகன் பெயருக்கு அனுப்பினார்.

"பதில் வருங்களா?"

"இதுவரைக்கும் வந்ததில்லீங்க."

என்னால் அங்கே உட்கார முடியவில்லை. ஒயர்களெல்லாம் வந்து சேரும் ஹப் பெட்டியைப் போய்ப் பார்த்தேன். பகலில் அணைந்திருந்த ஒரு விளக்கு இப்போது எரிந்தது. அதன் ஒயர் மூட்டைகளுக்குப் பின்னால் போய், சுவரில் இருந்த ஓட்டை வழியாக மேலே ஏறியது. முதலாளி மாடிக்குப் போவதே இல்லை, மகன் போனதிலிருந்து சாப்பாடு கேரியரில் கீழே வருகிறது, படுக்கையும் மண்டியில்தான் என்று அக்கா சொல்லியிருந்தார். முதலாளியிடம் ஒன்றும் சொல்லாமல் படியேறினேன்.

கூடத்தில் சாமி விளக்கு மட்டும் எரிந்தது. உள்ளறையில் நீல வெளிச்சம். திரைக்கு முன்னால் தரையில் முதலாளியின் மனைவி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துத் திடுக்கிடவில்லை.

"குடுக்க மனசு வரலை சாமி. வெளக்குப் பத்த வெக்கறப்ப இதையும் போட்டு வெப்பேன். அவன் ரூமு இருட்டா இருக்கப்படாது பாரு." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தெனமும் என்னமோ எழுதறான். எனக்கு இங்கிலீசு எழுத்துத் தெரியாது. ஆருகிட்டப் போய்க் காட்டறது? நீ படிச்சுச் சொல்லு."

திரையின் நடுவில் அந்த ஒற்றைச் சொல் நின்றது. எழுதியது யார் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் வரவில்லை.

"சாப்டியான்னு கேக்குதும்மா."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு, "இன்னும் இல்லேன்னு சொல்லு. பசியே எடுக்கறதில்லேன்னு சொல்லு" என்றார்.

அப்படியே இங்கிலீஷ் எழுத்தில் அடித்து அனுப்பினேன்.

கீழே ஒரு நாற்காலி விழும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமில்லை. பிறகு படியில் காலடி. ஒவ்வொரு படியிலும் நின்று நின்று மேலே வந்தது. அந்த அம்மா எழுந்து, கலைந்திருந்த முடியை ஒதுக்கிக்கொண்டார்.

"வர்றான்" என்றார்.

வருவது யார் என்று தெரிந்திருந்தும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

முதலாளி அறை வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதலில் கம்ப்யூட்டருக்கு முன்னால் காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்தார். அப்புறம்தான் மனைவியைப் பார்த்தார்.

"நீயா சொன்னே?"

"நீங்களா கேட்டீங்க?"

அந்த அம்மா அவர் தோளுக்குப் பின்னால் மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சுவரோரமாக ஒதுங்கிக் கீழே இறங்கிவிட்டேன்.

மறுநாள் சர்வரில் அந்த எண்ணைப் பங்கிலிருந்து விலக்கி, மகன் பெயருக்கே ஒதுக்கி வைத்தேன். இனி அதை யாருக்கும் கொடுக்காது. அக்காவுக்கு வேறு எண் வந்தது, பெட்டி எழவில்லை. முதலாளியிடம் சொல்லலாமென்று பார்த்தால் அவர் மேஜை காலியாக இருந்தது. சாப்பிட மாடிக்குப் போயிருக்கிறார் என்றார் அக்கா. விளக்கு வைக்கும் நேரம்வரை ஏதோ சாக்குச் சொல்லி உட்கார்ந்திருந்துவிட்டு, அந்த எண்ணுக்கு பிங் அடித்தேன். பதில் இல்லை. ஹப்பில் அந்த விளக்கும் எரியவில்லை. வேலை முடிந்துவிட்டது, கிளம்பியிருக்கலாம். மறுபடியும் அடித்துப் பார்த்தேன்.