மீன்கூடைக்குள் போட்ட கார்ட்டூன்

பழைய கறுப்பு வெள்ளைக் கார்ட்டூன்கள் சிடியாக வந்திருக்கின்றன என்று கேள்விப்பட்டதும், நாற்பத்தைந்து வயதில் வெட்கமில்லாமல் திருவொற்றியூர்க் கடைக்கு ஓடினேன். ஒரிஜினலும் திருட்டு சிடியும் கலந்து விற்கும் கடை அது. நான் வாங்கியது ஒரிஜினல். பில்கூடச் சட்டைப்பையில் இருந்தது.

கிளம்பும்போது தெருவில் போலீஸ் ஜீப் வந்தது. கடைக்காரர் எங்களை உள்ளே வைத்தே ஷட்டரை இறக்கிவிட்டார். இருட்டில் நானும், வாடகைப் படத்தைத் திருப்பித்தர வந்த மீன்கார அம்மாவும் நின்றோம். வெளியே லத்தி ஷட்டரைத் தட்டியது. எனக்கோ துறைமுகத்தில் உத்தியோகம். கேஸ் என்று வந்தால் வேலை போய்விடும். அந்த நடுக்கத்தில் பில்லாவது, ஒரிஜினலாவது! சிடியை அந்த அம்மாவின் காலிக் கூடைக்குள் நழுவவிட்டேன்.

ஷட்டர் ஏறியது. ஏட்டு கூடையைப் பார்த்தார்.

"யாருதும்மா இது?"

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் சுவரிலிருந்த சினிமா போஸ்டரைப் பார்த்தேன்.

"என்துதான் சார். புள்ளைங்களுக்கு."

ஏட்டு சிடியைத் திருப்பிப் பார்த்தார். "ஒரிஜினல்தான். கெளம்பு." என்னையும் போகச் சொன்னார்.

தெருமுனையில் அந்த அம்மா சிடியை நீட்டினார். "இந்தா நைனா."

"ஏம்மா என்னைக் காட்டிக் கொடுக்கல?"

"உன் மூஞ்சப் பாத்தேன். அங்கியே மயங்கி வுயுந்துட்டா யாரு உன்ன தூக்கினு போறது?"

சிரித்துக்கொண்டே போய்விட்டார். என்னைப் பற்றி நானே ஆயிரம் ஜோக் சொல்லியிருக்கிறேன். இதை மட்டும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.