அலமாரிக் கதவில் ஒட்டிய தாள்

அப்பா ஒரு கிடங்கில் பத்தொன்பது வருடம் சரக்கு ஏற்றி இறக்கும் வண்டி ஓட்டினார். போன வருடம் மேல்தட்டிலிருந்து சரிந்த பெட்டி ஒன்று அவர் முதுகில் விழுந்தது. அதிலிருந்து அவரால் தொடர்ந்து உட்கார முடியாது. நிற்கலாம், நடக்கலாம், கனமாக எதையும் தூக்கக்கூடாது. அம்மா ஒரு பெரிய சலவைக்கூடத்தில் ஆவி இஸ்திரி இயந்திரத்தில் வேலை செய்கிறாள். வீட்டுக்கு வரும் சம்பளம் அது ஒன்றுதான். அதனால் கடைக்குப் போவதும் சமையலும் அப்பாவின் தலையில் விழுந்தன.

அவர் சமையலறையையும் கிடங்காகவே நடத்தினார். முதலில் வந்த சரக்கு முதலில் வெளியே போகவேண்டும் என்பதுதான் அவருக்குத் தெரிந்த ஒரே சட்டம். பருப்பு டப்பா, முட்டை அட்டை, ரொட்டிப் பை என்று எதை வாங்கினாலும் கறுப்பு மார்க்கரால் தேதி எழுதி, பழையதை முன்னால் இழுத்து, புதியதைப் பின்னால் தள்ளுவார். எங்கள் வீட்டில் ஒரு கேரட்கூட அழுகிப்போனதில்லை. அதை நான் பெருமையாகவே சொல்வேன்.

"என் மேல எப்பப்பா தேதி எழுதப் போறீங்க?" என்று என் தங்கை ஒருநாள் கேட்டாள். கொஞ்சமாகக் கொறிப்பதால் அவளுக்குக் குருவி என்று பெயர்.

"எழுதினா பழைய சரக்குன்னு தெரிஞ்சிடும். அப்புறம் உன்னைத் தள்ளுபடியிலதான் தள்ளணும்."

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த வீட்டுக்குள் சலவைக்கூடத்தின் மருத்துவப் பரிசோதனை வந்தது. அம்மாவுக்கு ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு ஒன்பதுதான் இருந்தது. முன்பு ஒரு பெண் இயந்திரத்தின் பக்கத்தில் மயங்கி விழுந்ததிலிருந்து அங்கே கெடுபிடி அதிகம். எட்டு வாரத்தில் பதினொன்றுக்கு வரவேண்டும், இல்லாவிட்டால் துணி மடிக்கும் மேசைக்கு மாற்றிவிடுவோம் என்றார்கள். அங்கே அரை நாள் வேலை, அரைச் சம்பளம்.

மருத்துவமனை நர்ஸ் இரும்புச்சத்து மாத்திரையோடு என்னென்ன சாப்பிடலாம் என்று ஒரு வண்ணத் தாளும் கொடுத்தாள். அதில் பெரிய மீன் துண்டு, பாதாம், பெயர் தெரியாத ஊதாப் பழங்கள் எல்லாம் ஒரு வெள்ளைத் தட்டில் அழகாக உட்கார்ந்திருந்தன. அப்பா அதை வெகுநேரம் பார்த்தார்.

"இந்தப் படத்தைப் போட்டவன் எந்தக் கடையில வாங்குறான்? கேட்டுச் சொல்லு. நானும் அங்கயே போறேன்."

"நீங்க போனா அவன் கடையை மூடிட்டு ஓடிடுவான், ஸ்டோர் ஆபீசரே" என்றாள் அம்மா.

ஆனாலும் அதே தாளில் கீரை, பயறு, முட்டை, ஈரல் என்று எங்களுக்கு எட்டுகிற நாலைந்தும் இருந்தன. அவற்றை மார்க்கரால் வட்டம் போட்டுவிட்டு, அலமாரிக் கதவில் பசை தடவித் தாளை ஒட்டினார். சுவரொட்டி ஒட்டுகிறவர்களைப்போல, ஓரம் தூக்காமல் உள்ளங்கையால் நீவிநீவி ஒட்டினார்.

அதற்குப் பிறகு எட்டு வாரம் அவர் பட்ட பாட்டை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். சாயங்காலம் கடையில் விலை குறைத்துச் சீட்டு ஒட்டும் நேரத்துக்குச் சரியாகப் போய் நிற்பார். முந்தினவன் முட்டையை அள்ளிக்கொண்டு போனால் வெறும் கையோடு வருவார். பீட்ரூட் மலிவாகக் கிடைத்த வாரத்தில் நாங்கள் தின்றதெல்லாம் சிவப்பு. காய்காரர் கிள்ளி எறியும் பீட்ரூட் இலையையும் கேட்டு வாங்கினார்.

"ஆடு வளக்குறீங்களா அண்ணே?" என்று காய்காரர் கேட்டார்.

"ஆமா. வீட்ல மூணு நிக்குது."

அந்த இலையை மூன்று தண்ணீரில் அலசி, தண்டைத் தனியாக நறுக்கி முதலில் வேகவிட்டு, இலையைக் கடைசியில் போடுவார். கொண்டைக்கடலையை ஊறவைத்துக் குழைய வேகவைப்பார். சனிக்கிழமை மட்டும் கோழி ஈரல். அம்மா தன் பங்கை மெதுவாகக் குருவியின் தட்டுக்குத் தள்ளியதை ஒருநாள் அப்பா பார்த்துவிட்டார்.

"ஏம்மா, அது யாருக்குன்னு வாங்கினது?"

"வளர்ற புள்ளைங்க."

"அது வளரும். நீ விழுந்தா யார் தூக்குறது? எனக்கு முதுகு இல்ல, தெரியும்ல?"

அம்மா அதைத் தின்றாள். அவளுக்கு ஈரல் வாடை ஆகாது. மாத்திரையும் ஆகவில்லை. விழுங்கியதும் குமட்டியது. அதற்கும் அப்பாவே வழி கண்டுபிடித்தார். சூடாக, திடமாக ஒரு டீ குடித்தால் குமட்டல் அடங்கியது. அன்றிலிருந்து அம்மாவின் மதியச் சாப்பாட்டோடு ஒரு ஃபிளாஸ்க் நிறைய டீயும் போனது. பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டு வீட்டில் இருந்ததால் கொண்டுபோய்க் கொடுப்பவள் நான். சலவைக்கூடத்தின் பின்வாசலில், ஈரத் துணி வண்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து, அம்மா கீரையும் பருப்பும் சாப்பிட்டு, மாத்திரையைப் போட்டு, டீயைக் குடிப்பாள். "உங்கப்பன் கையில இது ஒண்ணுதான்டி ருசியா வருது" என்பாள். அதை அப்பாவிடம் சொன்னால் மறுநாள் டீ இன்னும் திடமாக வரும்.

எட்டாவது வாரம் அம்மாவும் அப்பாவும் நானும் மருத்துவமனைக்குப் போனோம். அப்பா சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தார். உட்கார முடியாததால் சுவரில் சாய்ந்து நின்றார். சீட்டைப் பார்த்த நர்ஸ், "ஒன்பது புள்ளி நாலு" என்றாள்.

அப்பா அந்தச் சீட்டைக் கையில் வாங்கிப் பார்த்தார். "தப்பாப் போட்டிருக்கீங்க. வேற யாரோடதாவது இருக்கும்."

"இல்லைங்க ஐயா. மாத்திரை ஒழுங்காப் போட்டாங்களா?"

"ஒருநாள் விடல. நான் தேதி போட்டு வச்சிருக்கேன். கீரை, கடலை, முட்டை, எல்லாம் போகுது. எங்க போகுதுன்னுதான் தெரியல."

"சாப்பாட்டோட என்ன குடிக்கிறாங்க?"

"டீ" என்றாள் அம்மா. "டீ குடிச்சாத்தான் மாத்திரை உள்ள நிக்குது."

நர்ஸ் பேனாவைக் கீழே வைத்தாள். "டீ குடிச்சா அந்தச் சத்து உடம்புல சரியா சேராதுங்களே. முன்ன பின்ன ரெண்டு மணி நேரம் டீ கூடாது. எலுமிச்சைச் சாறு குடிச்சா நல்லாச் சேரும். கொடுத்த தாள்ல பின்பக்கம் போட்டிருக்குமே, பாக்கலையா?"

பின்பக்கம்.

அப்பா என்னைப் பார்த்தார், நான் அம்மாவைப் பார்த்தேன். பின்பக்கத்தை நாங்கள் யாரும் படித்ததே இல்லை. அது எட்டு வாரமாக அலமாரிக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சலவைக்கூடத்தில் எந்தச் சமாதானமும் எடுபடவில்லை. மறுநாளிலிருந்து மடிக்கும் மேசை, அரை நாள். நான்கு வாரம் கழித்து மறுபடியும் பரிசோதனை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கத்தியை எடுத்துக்கொண்டு தாளைப் பிய்க்க ஆரம்பித்தார். அவர் ஒட்டினால் சும்மாவா வரும்? மீன் துண்டும் பாதாமும் உரிந்து வந்தன. பின்பக்கம் கதவோடு தங்கிவிட்டது. வெள்ளையாக, ஒரு எழுத்தும் தெரியாமல். ஈரத்துணி வைத்துத் தேய்த்தார். அது திரிதிரியாக வந்தது.

"விடுங்க. அதுல என்ன இருக்குன்னுதான் இப்பத் தெரிஞ்சிடுச்சே" என்றாள் அம்மா.

"எனக்குப் படிக்கணும். ஒரு டீயை ஊத்தி எட்டு வாரச் சாப்பாட்டைக் கெடுத்திருக்கேன். எவ்வளவு பொடி எழுத்துல எழுதியிருந்தான்னு பாக்கணும்."

"முன்னாடி போட்டிருந்தா அவனுக்கு என்ன குறைஞ்சுபோகும்?" என்றேன். எனக்கு உண்மையாகவே ஆத்திரம். அந்த ஃபிளாஸ்கை நடந்து சுமந்தவள் நான்.

"மீன் போட இடம் வேணும்ல" என்றாள் குருவி. அம்மா அவளை அடிக்கக் கை ஓங்கி, பாதியில் சிரித்துவிட்டாள். அப்பா சிரிக்கவில்லை.

மறுநாள் காலை நான் மருத்துவமனைக்குப் போய் அதேபோல வேறொரு தாள் வாங்கிவந்தேன். அப்பா அதை நின்றபடியே இரண்டு பக்கமும் படித்தார். பிறகு பசையைத் தொடாமல், மேல் மூலையில் துளை போட்டு, நூலில் கட்டி ஆணியில் தொங்கவிட்டார். டீத்தூள் டப்பாவில் தேதியை அழித்துவிட்டு 'மூன்று மணிக்குப் பிறகு' என்று எழுதினார்.

இப்போது அம்மா ஒரு மணிக்கே வீட்டுக்கு வந்துவிடுகிறாள். கடலையும் கீரையும் சாப்பிட்டு, மாத்திரையை எலுமிச்சைத் தண்ணீரில் விழுங்கி, முகத்தைச் சுளித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்க்கிறாள். அரைச் சம்பளத்தில் கடைக்குப் போகும் பை இரண்டிலிருந்து ஒன்றாகிவிட்டது. அப்பா அடுப்புப் பக்கத்தில் நின்றுகொண்டு அவரும் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

"இன்னும் எவ்வளவு நேரங்க?" என்று கேட்கிறாள் அம்மா.

"ஒண்ணேகால் மணி நேரம்."

"முன்ன கேட்டப்பவும் அதேதான் சொன்னீங்க."

"முன்ன கேட்டது இப்பத்தான்" என்கிறார் அப்பா, காலி டீப் பாத்திரத்தை நகர்த்தியபடி.