சர்க்கரைக் கூட்டம்

எனக்குப் பதினாலு வயது நடந்தபோது ஒரு நாளைக்கு ஒரு குடம் தண்ணீர் குடித்தேன். கூட்டிச் சொல்லவில்லை, எங்கள் அம்மாவே அளந்து பார்த்தார். இரண்டு மாதத்தில் பாவாடை இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்துப் போனேன். ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். நைனா எதையும் காதில் போட்டுக்கொள்ளாமல் என்னை வண்டியில் ஏற்றிச் செஞ்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

அங்கே சென்னையிலிருந்து புதிதாக வந்திருந்த டாக்டரம்மா என் சிறுநீரைக் காய்ச்சிப் பார்த்துவிட்டு, சர்க்கரை வியாதி என்றார். நைனா நம்பவில்லை.

"அது பெரிய பெரிய ஆளுங்களுக்கு வர்றதாச்சே. நாங்க கேவுரு களி துன்றவங்க, டாக்டரம்மா."

களிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, சின்னப் பிள்ளைகளுக்கும் வரும், ஆயுசு முழுக்கத் தினமும் ஊசி போட வேண்டும் என்று அவர் விளக்கினார். யார் வந்து போடுவது என்று நைனா கேட்டார். டாக்டரம்மா என்னைக் கை காட்டினார். நான் அழ ஆரம்பித்தேன்.

அழுது முடியும்வரை காத்திருந்து, வரும் புதன்கிழமை வா, உன்னை மாதிரி இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்றார். அந்த நிமிடம் வரை உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் இந்த வியாதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த இரண்டு பேரில் ஒருவன் கடைவீதி ஜவுளிக்கடைக்காரரின் மகன். பதினாறு வயது, வாய் ஓயாது. மற்றவள் அவலூர்பேட்டையிலிருந்து வருபவள், என்னைவிட ஒரு வயது மூத்தவள் என்பதால் எனக்கு அக்கா. அது யுத்த காலம். கரி போட்டு ஓட்டும் பஸ்ஸில் வந்து, மூக்கெல்லாம் கரியோடு இறங்குவாள். மூன்று பேரிடமும் ஒரே விஷயத்தைத் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வறண்டதால்தான் சேர்த்து வரச் சொன்னேன் என்பார் டாக்டரம்மா. அது முழு உண்மையில்லை என்று எங்களுக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியின் பின்னறையில் ஒரு நீள பெஞ்சு, ஒரு ஸ்பிரிட் விளக்கு, கண்ணாடிக் குழாய்கள். நாங்கள் மூவரும் வீட்டிலிருந்து புட்டியில் சிறுநீர் கொண்டுவர வேண்டும். ஜவுளிக்கடைப் பையன் வாசனைத் தைலப் புட்டியில் கொண்டுவருவான். குழாயில் நீல மருந்தை ஊற்றி, எட்டுச் சொட்டு விட்டுக் காய்ச்சினால் நிறம் மாறும். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள் என்று ஏறி, செங்கல் நிறத்துக்குப் போனால் அன்றைக்கு வசவு உண்டு. ஒருவர் குழாயை இன்னொருவர் காய்ச்சிப் பார்த்து நிறத்தைச் சொல்ல வேண்டும் என்பது டாக்டரம்மாவின் சட்டம். ஊசி போடுவதை முதலில் கத்தரிக்காயில் பழகினோம், பிறகு ஒருவர் கையில் ஒருவர், கடைசியில் அவரவர் தொடையில். அக்கா கண்ணை மூடிக்கொண்டு குத்துவாள். அவளிடம் கையை நீட்ட எனக்கு உயிரே போகும்.

வார்டில் இருந்தவர்கள் எங்களுக்குச் சர்க்கரைக் கூட்டம் என்று பெயர் வைத்தார்கள். அதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஒரு கோடையில் ஜவுளிக்கடைப் பையனுக்கு நான்கு வாரம் தொடர்ந்து நீலம் வந்தது. எனக்கும் அக்காவுக்கும் வயிற்றெரிச்சல். ஆனால் அவன் கன்னம் ஒட்டிக்கொண்டே போனது, ஆஸ்பத்திரிப் பானையில் டம்ளர் டம்ளராக மொண்டு குடித்தான். டாக்டரம்மா இரண்டு குழாய் எடுத்து ஒன்றில் அவன் புட்டியிலிருந்தும் இன்னொன்றில் கிணற்றுத் தண்ணீரிலிருந்தும் விட்டுக் காய்ச்சும்படி என்னிடம் சொன்னார். இரண்டும் ஒரே நீலம். புட்டியை முகர்ந்து பார்த்தார். தைல வாசனை மட்டும்தான், உள்ளே இருந்தது வெறும் தண்ணீர்.

பையன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நீலம்னு நம்பி நான் உனக்கு மருந்தைக் குறைச்சிருக்கேன்," என்றார் டாக்டரம்மா. "இன்னும் ரெண்டு வாரம் இப்படியே போயிருந்தா உன்னைத் தூக்கிட்டுத்தான் வந்திருப்பாங்க. ஏன் இப்படிப் பண்ணினே?"

அவனுடைய சொந்த அக்காவின் கல்யாணத்தில் தின்ற லட்டில் ஆரம்பித்ததாம். ஆனால் அதற்கு மேலும் ஒன்று இருந்தது. அதை மெதுவாகத்தான் சொன்னான்.

"செங்கல் கலர்னு சொன்னா எங்கம்மா ஒரு வாரம் அழுவுது. நீலம்னா அன்னிக்காவது சிரிக்குது."

வாயாடிப் பையன் இப்படிப் பேசி நாங்கள் கேட்டதில்லை. அக்கா சட்டென்று மூக்கை உறிஞ்சினாள். டாக்டரம்மா திட்டவில்லை. அடுத்த புதன்கிழமை மூன்று பேருடைய அம்மாக்களும் வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். வந்த அம்மாக்களையே காய்ச்ச வைத்தார். செங்கல் நிறம் குற்றமில்லை, அடுத்த வேளை எவ்வளவு மருந்து என்று சொல்லும் தகவல், அவ்வளவுதான் என்று பொறுமையாகச் சொன்னார். ஜவுளிக்கடை அம்மா அதைக் கேட்டும் அழுதார். ஆனால் மகனுடைய குழாயைக் கையிலிருந்து விடவில்லை.

அந்த வருடம் ஐப்பசியில் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை ஏற டாக்டரம்மாவிடம் அனுமதி கேட்டோம். நடந்தால் நல்லது, மடியில் வெல்லம் இல்லாமல் ஏறக் கூடாது என்றார். காவலுக்கு வந்த நைனா, முழங்கால் வலி என்று அடிவாரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். கமலக்கண்ணி அம்மன் கோயிலைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் அக்கா ஒரு படியில் உட்கார்ந்தாள்.

"நான் வரல. நீங்க ரெண்டு பேரும் என்னைக் கேலி பண்றீங்க."

நாங்கள் யாரும் பேசக்கூட இல்லை. காற்று சிலுசிலுவென்று அடித்தும் அவள் ரவிக்கை வேர்வையில் நனைந்திருந்தது, விரல்கள் நடுங்கின. உடம்பில் சர்க்கரை திடீரென்று இறங்கினால் வேர்க்கும், நடுங்கும், புத்தி தடுமாறும், உடனே இனிப்புக் கொடுக்க வேண்டும் என்று பின்னறையில் டாக்டரம்மா சொல்லிக்கொடுத்ததெல்லாம் அப்படியே கண்ணெதிரில். வெல்லத்தை நீட்டினேன், துப்பினாள். பையனை ஓங்கி ஓர் அறை அறைந்தாள். அவன் கன்னத்தைத் தடவிக்கொண்டே அவள் கையைப் பிடித்துக்கொண்டான். நான் தண்ணீரில் வெல்லத்தைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினேன். பாதி என் தாவணியில் சிந்தியது.

கால் மணி நேரம் போயிருக்கும். அக்கா நிமிர்ந்து எங்களைப் பார்த்தாள்.

"இன்னாத்துக்கு ரெண்டு பேரும் என்னையே பாக்குறீங்க?" என்றாள். பிறகு பையனிடம், "உன் கன்னம் ஏன் செவந்திருக்குது?"

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். நான் மட்டும் அழுதேன்.

அன்றைக்கு உச்சிக்குப் போகவில்லை. அக்காவைக் கைத்தாங்கலாக இறக்கிக்கொண்டு வந்தோம். புதன்கிழமை நடந்ததைக் கேட்ட டாக்டரம்மா, மலை ஏறும் நாளில் ஊசி மருந்தைக் குறைக்கச் சொல்லாமல் விட்டது தன் தப்பு என்று எங்கள் முன்னாலேயே ஒப்புக்கொண்டார். பெரியவர்கள் அப்படிச் சொல்லி நான் அதற்குமுன் கேட்டதில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்து நான் வந்ததும், அவரே எங்களோடு ஏறினார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, நான்கு படிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினார். உச்சியை எட்டியவர்களில் அவர்தான் கடைசி.

இன்னும் மூன்று வருடம் அந்தப் பின்னறை நடந்தது. டாக்டரம்மாவுக்கு வேறு ஊருக்கு மாற்றலான பிறகு ஜவுளிக்கடை மாடியில் நாங்களே கூடினோம். அக்காவுக்குத் திருவண்ணாமலையில் வரன் வந்தபோது, பெண் பார்க்க வந்தவர்களிடம் தனக்கு இருப்பதை அவளே சொன்னாள். மாப்பிள்ளை யோசித்துவிட்டு, ஊசி போட எனக்கும் கற்றுத் தருவாயா என்று கேட்டாராம். கற்றுத் தரும்போது அவளைக் கண்ணைத் திறந்துகொண்டு போடச் சொல்லுங்கள் என்று நான் அவருக்குச் சொல்லியனுப்பினேன்.